ஃபேட்டி லிவர் வந்த பூனைக்கு வீட்டில் சாப்பாடு: சிரிஞ்சா, மூக்குக் குழாயா, கழுத்துக் குழாயா?

பூனை நாலு நாளாகச் சாப்பிடவில்லை, காதின் உள்பக்கம் மஞ்சளாகிவிட்டது, டாக்டர் ஃபேட்டி லிவர் என்கிறார், கழுத்தில் குழாய் போடணும் என்கிறார், பார்க்கவே பயமாக இருக்கிறது, வாய் வழியாகவே கொடுத்துப் பார்க்கலாமா? தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர் என்று வடசென்னையில் எங்கள் பக்கம் பூனை வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். ஒவ்வொரு வழியிலும் என்ன கிடைக்கும், என்ன கஷ்டம், எந்த வீட்டுக்கு எது சரிப்படும் என்று ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். டாக்டர் சொல்வதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், அவரிடம் போய் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்பதற்காகப் படியுங்கள்.

மனிதர்களுக்கு ஃபேட்டி லிவர் வருடக்கணக்கில் சேர்கிறது. பூனைக்கு வருவது சாப்பிடாமல் கிடப்பதால். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே உடம்பில் இருக்கிற கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்கு வந்து சேர ஆரம்பிக்கும், அவ்வளவையும் எரிக்கவோ வெளியே அனுப்பவோ பூனையின் கல்லீரலுக்குச் சக்தி கிடையாது, செல்களுக்குள்ளேயே தேங்கிவிடும், பித்தம் ஓட வழியில்லாமல் காமாலை வரும். காமாலையோடு குமட்டல் வரும், குமட்டல் வந்தால் இன்னும் சாப்பிடாது. அதனால் இந்த நோய்க்கு முதல் மருந்தே சாப்பாடுதான். குமட்டல் ஊசி, பி12, வைட்டமின் கே எல்லாம் வேண்டும், ஆனால் அவை துணைக்கு. போதுமான அளவு சாப்பாடு தொடர்ந்து உள்ளே போன பூனைகளில் பெரும்பாலானவை பிழைத்துவிடுகின்றன. போகாதவை பெரும்பாலும் பிழைப்பதில்லை.

பட்டினிக்குப் பின்னால் வழக்கமாக வேறொரு காரணமும் இருக்கும். கணைய அழற்சி, குடல் நோய், பித்தநாளத்தில் தொற்று, சர்க்கரை, இப்படி ஏதாவது. சில பூனைகளுக்குத் தீபாவளி வெடி, வீடு மாறியது, புதுப் பூனை வந்தது, இதுவே போதும். எங்கள் பக்கம் இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வேன்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், காசிமேட்டில் மீன் குறையும், விலை ஏறும். மீனைத் தவிர எதையும் மோந்து பார்க்காமல் வளர்ந்த குண்டுப் பூனை அந்த நாட்களில் தட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டால் ‘பசித்தால் தின்னும்’ என்று விட்டுவிடாதீர்கள். நம் பூனைகள் பாதி வீட்டிலும் பாதி தெருவிலும் இருப்பவை, மீன் விற்கிற அக்கா ஒரு தலை போடுவார், எதிர் வீட்டில் பால் வைப்பார்கள், அதனால் அது எப்போதிலிருந்து சாப்பிடவில்லை என்பதே பல வீடுகளில் தெரியாது. நாலு வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி: ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி முழுவதும் உள்ளே போகுமா? பூனையின் எடையை 30-ஆல் பெருக்கி 70-ஐக் கூட்டுங்கள். நாலு கிலோ பூனைக்கு 190, அதாவது ஏறக்குறைய 200 கலோரி. டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் ரெக்கவரி டின் உணவில் கிராமுக்கு ஒரு கலோரியோ கொஞ்சம் கூடுதலோ இருக்கும், குழாயில் போகிற பதத்துக்குத் தண்ணீர் விட்டுக் கரைத்தால் ஒரு நாளைக்கு 200 மில்லிக்கு மேல் வந்துவிடும். இந்த 200-ஐ மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

அடுத்து, எத்தனை நாள் தாங்கும். இது நாலு ஆறு வாரம் இழுக்கிற வைத்தியம், சிலதுக்கு அதற்கு மேலும் ஆகும். மூன்றாவது, பூனை சாப்பாட்டை வெறுக்காமல் இருக்குமா. குமட்டும்போது வாயில் திணித்த உணவைப் பூனை மறப்பதில்லை, உடம்பு தேறிய பிறகும் அந்த வாசனை வந்தால் ஓடும். நாலாவது, வீட்டில் யார் செய்வது, எத்தனை மணிக்கு. பணத்தைக் கடைசியில் சொல்கிறேன், அது முக்கியமில்லை என்பதற்காக இல்லை. மலிவாகத் தெரிகிற வழி எங்கே செலவு வைக்கும் என்பது மற்றதைப் பார்த்த பிறகுதான் புரியும்.

தினமும் ட்ரிப்ஸ் போட்டால் போதாதா?

நிறையப் பேர் இதில்தான் ஒரு வாரத்தை விட்டுவிடுகிறார்கள். காலையில் கூடையில் தூக்கிக்கொண்டு போய் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வருகிறோம், உடம்பில் ஏதோ போகிறது என்ற நிம்மதி. ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் தண்ணீர், ஒரு லிட்டர் முழுவதையும் ஏற்றினாலும் கிடைப்பது 170 கலோரி, ஒரு பூனைக்கு ஒரு நாளில் ஏற்றுவது அதில் ஒரு சின்னப் பங்குதான். வெறும் சலைன் என்றால் கலோரி கிடையாது. நீர்ச்சத்துக்கும் பொட்டாசியத்துக்கும் ட்ரிப்ஸ் கட்டாயம் தேவைப்படலாம், சாப்பாட்டுக் கணக்கில் அது சேராது. இந்த நோயில் குளுக்கோஸாக ஏற்றுவதைப் பொதுவாகத் தவிர்க்கவே செய்வார்கள்.

இதோடு சேர்த்து, பத்தியம். மஞ்சள் காமாலை என்று சொன்னதுமே நம் வீடுகளில் எண்ணெய் நிற்கும், கவிச்சி நிற்கும், கஞ்சியும் மோரும் வரும், யாராவது கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பூனை கறி தின்கிற உடம்பு, இந்த நோயில் அதற்குப் புரதத்தைக் குறைத்தால் கல்லீரல் தேறாது. மூளையைப் பாதிக்கிற அளவுக்குக் கல்லீரல் கெட்டுப்போய் டாக்டரே குறைக்கச் சொன்னால் அது வேறு. தயிர்சாதம், பால், கஞ்சி, கறி போட்ட சூப்புத் தண்ணீர் எதிலும் இதற்கு வேண்டிய சத்து கிடையாது. கீழாநெல்லிக் கசப்பை வாயில் ஊற்றினால் நுரை தள்ளும், அடுத்து நீங்கள் கையில் எதைக் கொண்டுபோனாலும் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பசி மாத்திரை

மிர்டசாபின் மாதிரி பசியைத் தூண்டுகிற மருந்துகள் இருக்கின்றன. ஒரு நாள் இரண்டு நாள் மந்தமாக இருந்து, காமாலை எட்டிப் பார்க்காத பூனைக்கு டாக்டர் இதைக் கொடுத்து, அது தட்டில் வாய் வைத்துவிட்டால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. காமாலை வந்த பிறகு இதை மட்டும் நம்புவது ஆபத்து. நாலு வாய் தின்னும், நமக்கு நம்பிக்கை வரும், கணக்குப் பார்த்தால் 30 கலோரிகூடத் தேறாது. கல்லீரல் கெட்டிருக்கும்போது அளவையும் டாக்டர் குறைத்துத்தான் கொடுப்பார், ஆகவே பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. பூனைக்குப் பசிக்காக வாய்வழி டயசிபாம் கொடுப்பது பழைய வழக்கம், அதனாலேயே கல்லீரல் செயலிழந்த பூனைகள் உண்டு. பாரசிட்டமால் பூனைக்கு விஷம், காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று அரை மாத்திரைகூட வேண்டாம்.

வாய் வழியாக சிரிஞ்ச்

எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான், காரணமும் புரிகிறது. மயக்க மருந்து வேண்டாம், ஊசி கழற்றிய சிரிஞ்ச் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

இப்போது அந்த 200 மில்லியை எடுங்கள். ஐந்து மில்லி சிரிஞ்சில் நாற்பது தடவை. அதையும் ஒரே அழுத்தாக அழுத்தக் கூடாது, கடைவாயில் பக்கவாட்டில் வைத்து ஒரு மில்லி, அது விழுங்கியதும் இன்னொரு மில்லி. தலையை அண்ணாந்து பிடித்துக்கொண்டு அவசரப்பட்டால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். பாதி மார்பில் வழியும், பாதி உங்கள் கையில், மிச்சம்தான் உள்ளே. முதல் இரண்டு நாள் சோர்ந்து கிடக்கிற பூனை ஒத்துழைக்கும், கொஞ்சம் தெம்பு வந்ததும் அதே பூனை நகத்தை நீட்டும். தெம்பு வந்ததே என்று நாம் சந்தோஷப்பட, அன்றைக்குத்தான் சாப்பாடு பாதியாகக் குறையும்.

நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம் என்று சொல்கிற வீட்டில் ஒரு நோட்டில் எழுதச் சொல்லிப் பாருங்கள், 80, 90 மில்லியில் நிற்கும். இதன் மறைமுகச் செலவு அதுதான்: பூனை பட்டினியிலேயே இருக்கிறது, நாம் ஊட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஒரு வாரம் கழித்துக் குழாய்க்கு ஒத்துக்கொள்ளும்போது மயக்க மருந்தைத் தாங்கும் நிலை போயிருக்கும். சாப்பாட்டு வெறுப்பு இதில்தான் அதிகம்.

ஆனாலும் இதற்கும் இடம் உண்டு. பட்டினி ஆரம்பித்து ஓரிரு நாள்தான், காமாலை இல்லை, மடியில் வைத்தால் அடங்கி இருக்கிற பூனை, வீட்டில் பொறுமையான ஓர் ஆள் பகல் முழுக்க இருக்கிறார் என்றால் செய்யலாம். இதய நோய் மாதிரி ஏதாவது காரணத்தால் மயக்க மருந்தே கொடுக்க முடியாது என்றாலும் செய்யலாம். மூன்று நாள் எழுதிப் பார்த்து முக்கால் அளவுகூட எட்டவில்லை என்றால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போய்விடுங்கள்.

மூக்கு வழியாகக் குழாய்

மூக்கில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, மெல்லிய குழாயை உணவுக்குழாய் வரைக்கும் இறக்கி, நெற்றியில் தைத்தோ ஒட்டியோ விடுவார்கள். முழு மயக்கம் தேவையில்லை, அதனால் மிகவும் சோர்ந்த பூனைக்கும் ரத்தம் உறைவதில் சிக்கல் இருக்கிற பூனைக்கும் முதல் சில நாளுக்கு இதுதான் சரி. கல்லீரல் கெட்டால் ரத்தம் உறைவதும் கெடும் என்பதை மறக்க வேண்டாம், கழுத்துக் குழாய்க்கு முன்னால் வைட்டமின் கே ஊசி போடுவது அதற்காகத்தான்.

குழாய் மெல்லியது என்பதால் டின் உணவை எவ்வளவு அரைத்தாலும் அடைத்துக்கொள்ளும், முழுக்கத் திரவ உணவுதான் போகும். தும்மினால் வெளியே வரும், வாந்தி எடுத்தால் வெளியே வரும். பூனை காலால் இழுக்காமல் இருக்கக் கழுத்தில் கோன் மாட்ட வேண்டும், கோனோடு அது தானாகச் சாப்பிடுவது கடினம், ஒரே ஓர் அறை இருக்கிற வீட்டில் அது முட்டிக்கொண்டே நடக்கும். குழாய் இடம் மாறி மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து, ஆகவே போட்டதும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நாள், ஒரு வாரம், அதோடு சரி. கழுத்துக் குழாய் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற பாலமாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

கழுத்துக் குழாய்

பார்க்கத்தான் பயம். சின்ன மயக்கம் கொடுத்து, கழுத்தின் இடது பக்கம் சிறு துளை போட்டு, உணவுக்குழாய்க்குள் கொஞ்சம் தடித்த குழாயை வைத்து, வெளியே தைத்துவிடுவார்கள், வேலை பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். வாய், மூக்கு இரண்டும் பூனைக்குச் சொந்தமாகவே இருக்கும், பசி வந்த அன்றைக்குக் குழாயோடேயே தட்டில் சாப்பிடலாம். வாரக்கணக்கில் இருக்கலாம். மாத்திரையைக்கூடத் தூளாக்கிக் கரைத்து இதிலேயே விட்டுவிடலாம், எந்த மாத்திரையை அப்படிப் பொடிக்கலாம் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இருந்த செவலைப் பூனைக்கு இதைப் போட்டிருந்தோம், அதனால் கையில் பட்டதைச் சொல்கிறேன். டின் உணவை மிக்ஸியில் வெந்நீர் விட்டு அரைத்து, டீ வடிகட்டியில் வடிகட்டி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக இருந்தால் எடுத்துக்கொள்வோம். முதலில் ஐந்து முதல் பத்து மில்லி வெறும் தண்ணீர். தண்ணீர் ஜில்லென்று இருந்தால் அதற்குக் கழுத்துக்குள் தெரியும், சட்டென்று தலையைத் திருப்பும். பிறகு உணவு, மிக மெதுவாக, பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டு. உதட்டை நக்க ஆரம்பித்தாலோ வெறும் வாயில் விழுங்கினாலோ குமட்டுகிறது என்று அர்த்தம், கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். கடைசியில் மறுபடி தண்ணீர், மூடியைப் போட்டு முடிந்தது. பல நாள் பாதியிலேயே தூங்கிப்போகும், அது தூங்கத் தூங்கச் சாப்பாடு உள்ளே போய்க்கொண்டிருக்கும். சிரிஞ்சோடு மல்லுக்கட்டியவர்கள் இதை நேரில் பார்த்தால்தான் நம்புவார்கள்.

தொல்லைகளும் உண்டு. துளையில் சீழ் வைக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் கட்டுத் துணி வியர்த்தது மாதிரி ஈரமாகிவிடும், தினமும் அவிழ்த்துப் பார்த்து உலர்ந்த துணி கட்ட வேண்டும். சிந்திய உணவுக்கு எறும்பு வரும், ஈ உட்காரும், ஈ உட்கார்ந்தால் புழு வைக்கும், ஆகவே துடைக்காமல் விடக் கூடாது. குழாய் அடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு மெல்ல இழுத்து இழுத்துத் தள்ளுங்கள், முரட்டுத்தனமாக அழுத்த வேண்டாம். தோலுக்குப் பக்கத்தில் குழாயில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்து, ஒவ்வொரு தடவையும் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊட்டுங்கள். பலமாக வாந்தி எடுக்கும்போது குழாயின் நுனி வாய் வழியாக வெளியே வருவது உண்டு, அப்படி ஆனால் எதையும் உள்ளே விடாமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செலவு முதல் நாளே மொத்தமாக வரும். மயக்கம், குழாய், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒன்றாக நிற்கும்போது வயிற்றைக் கலக்கும்தான். ஆனால் ரெக்கவரி டின் ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய், தினம் ஒன்று ஒன்றரை என்று எந்த வழியிலும் அந்தச் செலவு உண்டு. திறந்த டின்னை மூடி ஃபிரிட்ஜில் வைத்து டின்னில் சொல்லியிருக்கும் நாளுக்குள் தீர்க்க வேண்டும், கரண்ட் போய் நீண்ட நேரம் வெளிச்சூட்டில் கிடந்ததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சிரிஞ்சும் கட்டுத் துணியும் மொத்தமாக வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கத்து சர்ஜிக்கல் கடைகளில் மலிவு.

வயிற்றுக்கே நேராகக் குழாய் வைக்கிற முறையும் உண்டு. அதற்கு எண்டோஸ்கோப்பியோ ஆபரேஷனோ வேண்டும், கசிந்தால் வயிற்றுக்குள்ளேயே தொற்று வரும். தொண்டையிலோ உணவுக்குழாயிலோ வேறு நோய் இருந்தால் தவிர இந்த நோய்க்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

முதல் சில நாள் மருத்துவமனையா, வீடா?

எந்த வழியாக ஊட்டினாலும் இந்தக் கேள்வி இருக்கிறது, பலருக்குத் தெரியாத ஆபத்தும் இங்கேதான். பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரே நாளில் முழுச் சாப்பாடு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் திடீரென்று விழும். கழுத்து தொங்கும், கால் துவளும், ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் சிவப்பாகும், இதயம் தடுமாறும். ஆசையில் அதிகம் ஊட்டியே பூனையை இழக்கலாம். முதல் நாள் கால் பங்கு, அதாவது நாலு கிலோ பூனைக்கு 50 கலோரி, அப்புறம் மூன்று நாலு நாளில் படிப்படியாக முழு அளவு என்றுதான் ஏற்ற வேண்டும், இடையில் ரத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும். ஒரு வேளைக்குத் தொடக்கத்தில் கிலோவுக்கு ஐந்து மில்லி போதும்.

ஆகவே நாள் கணக்கில் பட்டினி கிடந்து நல்ல மஞ்சளாக வந்த பூனை முதல் சில நாள் ரத்தம் பார்க்க வசதி இருக்கிற இடத்தில் இருப்பதுதான் நல்லது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது, அதன் மருத்துவமனை நம் பக்கத்திலிருந்து பக்கம்தான், மாதவரம் பால்பண்ணையிலும் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை இருக்கிறது. தனியார் கிளினிக்கை விடச் செலவு குறையும், அதற்குப் பதில் நேரம் போகும். நாய்கள் குரைக்கிற கூட்டத்தில் காத்திருக்க வேண்டும், கூடையை முழுக்க ஒரு துணியால் மூடித் தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த நோயில் பயமே பசியைக் கொல்லும். ஐப்பசி கார்த்திகை மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை நிறைந்துவிட்டால் வியாசர்பாடிக்காரர்களுக்குச் சுற்றுவழிதான், மழைக்காலத்தில் தினமும் போய்வரும் திட்டம் போடாமல் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

உள்ளே சேர்ப்பதற்கும் விலை உண்டு. தெரியாத இடம், கூண்டு, நாய் வாசனை, இதில் தானாகச் சாப்பிடுகிற பூனை குறைவு. பாஸ்பரஸ், பொட்டாசியம் நிலைத்து, வாந்தி அடங்கியதும் குழாயோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவதுதான் என் விருப்பம்.

எந்த வீட்டுக்கு எது

காமாலை தெரிகிறது, ஒரு தடவை செலவு செய்ய வழி இருக்கிறது என்றால் யோசிக்காமல் கழுத்துக் குழாய், அதுவும் சீக்கிரமே. மயக்கம் தாங்காது என்று டாக்டர் சொன்னால் மூக்குக் குழாயில் சில நாள் தேற்றிவிட்டுக் கழுத்துக்கு மாறுங்கள். காமாலை இல்லாத, ஓரிரு நாள் பட்டினி என்றால் குமட்டல் மருந்தும் பசி மருந்தும், பக்கத்தில் நோட்டோடு சிரிஞ்சும்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் முடியுமா என்று கேட்கிறார்கள். கழுத்துக் குழாய் என்றால் முடியும். காலை ஐந்தரை, எட்டு, மாலை ஆறு, ஒன்பது, படுக்கும் முன் ஒரு தடவை என்று ஐந்து வேளை, வேளைக்கு நாற்பது ஐம்பது மில்லி. நடுவில் பகல் இடைவெளி நீளமாக விழுகிறதே என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், முழு அளவுக்கு வந்து வாந்தி இல்லாமல் இருக்கிற பூனைக்குப் பெரும்பாலும் சரியென்பார்கள். முதல் வாரம் மட்டும் யாராவது லீவு போட வேண்டும், அல்லது ஊரிலிருந்து அம்மாவையோ அத்தையையோ வரவழைத்து அவர் கையாலேயே நாலு தடவை செய்ய வைத்துப் பழக்குங்கள். சிரிஞ்ச் வழியை இந்த வீட்டுக்கு நான் சொல்லவே மாட்டேன்.

கைக்குள் அடங்காத தெருப் பூனை என்றால் குழாய் போட்டு வெளியே விட முடியாது. ஒரு மாதம் அறையிலோ பெரிய கூண்டிலோ வைத்துக்கொள்ள யாராவது ஒத்துக்கொண்டால் மட்டும் ஆரம்பியுங்கள், இல்லையென்றால் என்ன செய்யலாம் என்று டாக்டரிடம் மனம் விட்டுப் பேசிவிடுங்கள்.

குழாயை எடுக்கும் நாளைப் பற்றி அவசரம் வேண்டாம். பத்து நாள் போல வாய்க்கு எதையும் நீட்டாமல் விட்டுவிட்டு, அப்புறம் ஒரு சின்னத் தட்டில் புது வகை உணவைக் கொஞ்சம் வைத்து, தொடாவிட்டால் அரை மணியில் எடுத்துவிடுங்கள். தானாக முழு அளவு சாப்பிட்டு, குழாயில் எதுவும் விடாமல் ஒரு வாரம் எடை குறையாமல் இருந்து, காமாலைக்குக் காரணமான பிலிரூபின் அளவும் ரத்தத்தில் இறங்கியிருந்தால் எடுக்கலாம். தையலை வெட்டி இழுத்துவிடுவார்கள், மயக்கம் தேவையில்லை, துளை சில நாளில் தானாக மூடிக்கொள்ளும், அதன் மேல் தையல் போடச் சொல்லிக் கேட்காதீர்கள்.